கஞ்சா மூளை செல்லுல இருக்கற அழற்சியைக் குறைக்கும்னு படிச்சேன், அல்சைமர் இருக்கற அப்பாவுக்கு சிபிடி (கஞ்சாவுல இருக்கற போதை ஏத்தாத பொருள்) ஆயில் கொடுக்கலாமா?

ராத்திரி அப்பா தூங்காம வீட்டுக்குள்ளயே நடந்துட்டு இருப்பாரு, நீங்க போனைத் தடவிட்டு உக்காந்திருப்பீங்க, அதானே? நானும் அதே கேஸ்தான், பெரம்பூர்ல. டாக்டர் இல்ல, பயோகெமிஸ்ட்ரி படிச்சவ, அதனால கமெண்ட்ல சண்டைக்கு வர்றவங்க முழுசா படிச்சுட்டு வாங்க.

நீங்க படிச்சது பொய் இல்ல, வம்பே அதுலதான் இருக்கு. 2016ல அமெரிக்காவுல சால்க் இன்ஸ்டிட்யூட்ல டேவிட் ஷூபர்ட் டீம், லேப்ல வளர்த்த நரம்பு செல்லுக்குள்ள அமிலாய்டு பீட்டாவை (அல்சைமர்ல மூளையில சேர்ற புரதம்) சேர விட்டாங்க. அது சேர்ந்ததும் செல்லுக்குள்ளயே அழற்சி கிளம்பி செல் சாகுது, கஞ்சாவுல போதை ஏத்தற டிஹெச்சியைப் போட்டதும் அந்தப் புரதம், அழற்சி ரெண்டுமே குறைஞ்சு செல் பொழைச்சுக்குது. அப்புறம் மூளையில மைக்ரோகிளியான்னு காவல் செல் இருக்கு (எங்க அபார்ட்மென்ட் வாட்ச்மேன் மாதிரி இல்ல, இது நிஜமாவே முழிச்சிருக்கும்). நோய் வந்தா அது உசுப்பேறி அழற்சியைக் கிளப்பற கெமிக்கலா கக்கும், அந்த நேரத்துல அதுமேல சிபி2 ரிசெப்டரும் (கஞ்சாப் பொருள் வந்து ஒட்டற இடம்) கூடுது, அதைத் தொட்டா லேப்ல கக்கறது அடங்குது. எல்லாம் சரி, ஆனா செல்லும் எலியும் உங்கப்பா இல்லீங்க. 2015ல நெதர்லாந்துல டிமென்ஷியா இருக்கற 50 பேரை வெச்சு, பாதிப் பேருக்கு டிஹெச்சி மாத்திரை தினம் 4.5 மில்லிகிராம், மீதிப் பேருக்கு வெத்து மாத்திரைன்னு 3 வாரம் கொடுத்துப் பாத்தாங்க, படபடப்பு, கோவம் எதுலயும் வித்தியாசமே இல்ல. சிபிடிக்கு 2018ல அமெரிக்கா மருந்துன்னு அனுமதி கொடுத்ததும் குழந்தைங்களுக்கு வர்ற அபூர்வ வலிப்புக்குத்தான்.

இப்ப எங்க வீட்டுக் கதை. கலிஃபோர்னியால இருந்து பெரியப்பா பையன் வந்தான், கையில ஒரு டிராப்பர் பாட்டில், மேல பச்சை இலை படம், எவ்ளோ மில்லிகிராம்னு ஒரு வரி கூட இல்ல. "நாக்குக்கு அடியில நாலு சொட்டு விடுங்க சித்தப்பா, ராஜா மாதிரி தூங்குவீங்க"ன்னான். அப்பா அவனையே உத்துப் பாத்துட்டு "தம்பி யாரு, கேஸ் ஆபீஸா?"ன்னு கேட்டாரு. நான் பாட்டிலை வாங்கித் தள்ளி வெச்சுட்டேன். ஏன்னா அப்பாவுக்கு ஹார்ட் வால்வு மாத்தி, ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை போய்ட்டு இருக்கு, அதை உடைக்கற லிவர் என்சைமை சிபிடி மந்தமாக்கிடும், ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்ளோ நேரம் ஆகுதுன்னு காட்டற டெஸ்ட் அளவு) ஏறிடும், பாத்ரூம்ல வழுக்கி விழற மனுஷனுக்கு ரத்தம் அதுக்கு மேல நீர்த்துப்போனா தலைக்குள்ள கசிஞ்சா என்ன பண்றது? "இயற்கை மூலிகைதானே அக்கா"ன்னு அவன் மூஞ்சியைத் தூக்கிட்டான், பெரியம்மா போன் போட்டு படிச்ச திமிருன்னாங்க.

திமிராவே இருக்கட்டும். ஊர்ல இருந்து ஃபார்வர்டு அனுப்பற ஒருத்தராச்சும் ஒரு நைட்டு வந்து அவர் பக்கத்துல உக்காந்திருக்காங்களா? ஹோம் நர்சிங் ஏஜென்சிக்காரன் ஒரு மாச அட்வான்ஸை வாங்கிப் போட்டுட்டு, பொங்கலுக்கு ஊருக்குப் போன ஆளைத் திரும்ப அனுப்பவே இல்ல, கேட்டா போனை எடுக்கறதில்ல.

நான் கஞ்சாவுக்கு எதிரின்னு கிளம்பிடாதீங்க, ஆராய்ச்சி நடக்கட்டும். நீங்க அப்பா சாப்பிடற மாத்திரை லிஸ்ட் மொத்தத்தையும், ஆயுர்வேதம் உட்பட, நியூரோ டாக்டர்கிட்ட காட்டிட்டு அப்புறம் எதையும் யோசிங்க. அவர் தூங்கலன்னா யூரின் இன்ஃபெக்‌ஷன், வலி, மலச்சிக்கல் இருக்கான்னு முதல்ல பாக்கச் சொல்லுங்க, இவங்களால வாய்விட்டுச் சொல்லத் தெரியாது. அப்படியே பெரம்பூர் வில்லிவாக்கம் பக்கம் நைட் ஷிஃப்டுக்கு நம்பிக்கையான ஆள் யாராச்சும் தெரிஞ்சா மெசேஜ் பண்ணுங்க.