ஆய்வேடா, போட்டிப் பரீட்சையா: கல்வி முதுமாணியின் கடைசிப் படியில் நிற்கும் ஓர் ஆசிரியைக்கு

மலையகத்தில் மஸ்கெலியாவை அண்டிய தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் ஆலோசனை கேட்டு எனக்கு எழுதியிருக்கிறார். வயது 32. கலைப் பட்டம், பட்டப்பின் கல்வி டிப்ளோமா, அதன்பின் கல்வி முதுமாணி என்று ஒவ்வொரு படியாக ஏறி வந்தவர். முதுமாணிக் கற்கைநெறியின் எழுத்துப் பரீட்சைகள் அனைத்திலும் சித்தியடைந்துவிட்டார். ஆய்வேடு மட்டுமே எஞ்சியிருக்கிறது. தோட்டப் பாடசாலைகளில் தரம் 9 முதல் 11 வரையான மாணவரின் வரவு வீழ்ச்சி என்பது தலைப்பு. முன்மொழிவு ஏற்றுக்கொள்ளப்பட்டு ஏழு மாதங்களாகியும் முதலாம் அத்தியாயத்தை அவரால் தாண்ட முடியவில்லை. இலங்கைக் கல்வி நிர்வாக சேவையில் சேரவேண்டும் என்பது அவருடைய இலக்கு. ஆய்வேட்டைக் கட்டி வைத்துவிட்டுச் சனிக்கிழமைகளில் கண்டியில் நடைபெறும் போட்டிப் பரீட்சை வகுப்புக்கு வரும்படி உடன் பணியாற்றுவோர் அழைக்கிறார்கள். வீட்டில் நான்கு வயது மகள் இருக்கிறாள். தோட்ட வேலையிலிருந்து ஓய்வுபெற்ற தாயார் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார். இரண்டில் எதைப் பிடிப்பது, எதை விடுவது என்பது அவருடைய கேள்வி.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆய்வேட்டை முடியுங்கள். பரீட்சைத் தயாரிப்பை நிறுத்தவேண்டாம்; ஆனால் அதை வாரத்துக்கு மூன்று மணித்தியாலமாகச் சுருக்கிக்கொள்ளுங்கள். கண்டி வகுப்புக்கு இந்த ஒரு வருடம் போகவேண்டாம்.

இந்த முடிவுக்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான வாதம் ஒன்று உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. கல்வி நிர்வாக சேவைக்கான போட்டிப் பரீட்சையை எழுத முதுமாணிப் பட்டம் கட்டாயமில்லை. இளமாணிப் பட்டமும், ஆட்சேர்ப்பு விதிகளைக் கூறும் சேவைப் பிரமாணக் குறிப்பில் கேட்கப்பட்டுள்ள ஏனைய தகைமைகளும் இருந்தால் போதும். அவ்வாறாயின் ஆய்வேடு எதற்கு என்று உங்கள் நண்பர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பரீட்சைக்கான அறிவித்தல் எப்போது வரும் என்பது உங்கள் கையில் இல்லை. வெற்றிடங்கள் கணக்கிடப்பட்டு, அனுமதி கிடைத்து, வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் அறிவித்தல் வெளிவரும் வரையில் எவரும் அதற்கு நாள் குறிக்க இயலாது. உங்கள் முதுமாணிப் பதிவோ காலவரையறை உள்ளது. அந்தக் காலம் கடந்தால் நீடிப்புக்கு விண்ணப்பிக்கவேண்டும், மேலதிகக் கட்டணம் செலுத்தவேண்டும், அதையும் தவறவிட்டால் பதிவே இரத்தாகலாம். நாள் தெரியாத ஒன்றுக்காக நாள் குறிக்கப்பட்ட ஒன்றைக் கைவிடுவது நல்ல கணக்கல்ல.

இன்னொன்றும் உண்டு. அரசாங்க ஆட்சேர்ப்பு அறிவித்தல்களில், விண்ணப்பம் ஏற்கும் இறுதித் திகதியன்றோ அதற்கு முன்னரோ தகைமைகள் பூர்த்தியாகியிருக்கவேண்டும் என்ற நிபந்தனையைக் காண்பீர்கள். ஆய்வேடு தவிர மற்றெல்லாம் முடிந்தது என்ற நிலைக்கு அங்கே எந்தப் பெறுமதியும் இல்லை. நேர்முகப் பரீட்சைக் குழுவின் முன் அது தொடங்காத பட்டத்துக்குச் சமம். கல்வி நிர்வாக சேவை கிடைக்காமல் போய், நாளை கல்வியியல் கல்லூரி ஒன்றின் விரிவுரையாளர் பதவிக்கோ வேறொரு பதவிக்கோ நீங்கள் விண்ணப்பிக்கும்போது, முடித்த முதுமாணி உங்களோடு வரும், முடிக்காதது வராது. பட்டமளிப்பு விழா வரையில் காத்திருக்கவேண்டியதும் இல்லை. பெறுபேறு உறுதியானவுடன் பட்டம் பயன்வலுப்பெறும் திகதியைக் குறிப்பிட்டுப் பதிவாளரிடமிருந்து ஒரு கடிதம் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்தில் அங்கி அணிந்து நிற்கும் நாளைவிடத் தொழிலுக்கு அந்தத் திகதியே முக்கியம்.

இனி நேரத்தைப் பார்ப்போம். பெரும்பாலானோர் இடறுவது இங்கேதான், ஏனெனில் ஆய்வேடு எவ்வளவு பெரியது என்று அளந்து பார்க்காமலேயே அதைப் பார்த்து அஞ்சுகிறோம். அளவுகோல் நம்மிடமே இருக்கிறது. உயர்கல்வித் தகைமைகளின் மட்டங்களை வரையறுக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றல். பாடநெறியால் மட்டும் பெறும் முதுமாணி 9ஆம் மட்டத்தில் 30 கிரெடிட். ஆய்வுக்கூறுடன் கூடிய முதுமாணி 10ஆம் மட்டத்தில் 60 கிரெடிட், அதில் ஆய்வுக்கு மட்டும் குறைந்தது 15. ஆகவே உங்கள் ஆய்வேட்டை 15 கிரெடிட் எனக் கொண்டால் அது 750 மணித்தியால வேலை. இதைவிட நீளமாகவும் இருக்கலாம். உங்கள் கற்கைநெறிக் கைநூலில் உள்ள கிரெடிட் எண்ணிக்கையை 50ஆல் பெருக்கிப் பாருங்கள்.

பாடசாலை ஒன்றரை மணிக்கு முடிகிறது. பஸ் பிடித்து வீடு சேர்ந்து, மகளோடு சற்று இருந்து, சமையலும் முடித்தபின் நான்கு வார நாட்களில் இரவு ஒன்றரை மணித்தியாலம் வீதம் ஆறு மணித்தியாலம் கிடைக்கும். சனிக்கிழமை ஆறு, ஞாயிறு மூன்று, மொத்தம் 15. அதில் 12 ஆய்வேட்டுக்கு, 3 பரீட்சைக்கு. தவணை நடக்கும் 40 வாரங்களில் 480 மணித்தியாலம் ஆயிற்று. மீதி 270ஐ ஏப்ரல், ஆகஸ்ட், டிசெம்பர் விடுமுறைகளில் தேடவேண்டும். அவற்றில் பத்து வாரம் கிடைக்கும் எனக் கொண்டால் வாரத்துக்கு 27 மணித்தியாலம், அதாவது நாளொன்றுக்கு நான்குக்குச் சற்றுக் குறைவு. சிறு பிள்ளையோடு இது இலேசானதல்ல என்பதை அறிவேன். ஆனாலும் ஒரு வருடத்தில் முடியக்கூடிய வேலை இது, முடிவேயில்லாத வேலை அல்ல. முன்மொழிவுக்காகச் செய்த வாசிப்பும் இதில் கழியும்.

இந்தக் கணக்கில் கண்டி வகுப்பை வைத்துப் பாருங்கள். மஸ்கெலியாவிலிருந்து ஹட்டனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டிக்கு இன்னொன்று. போகவும் வரவும் ஏழெட்டு மணித்தியாலம் வீதியிலேயே கழிந்துவிடும். வாரத்துக்கு உங்களிடம் உள்ள 15 மணித்தியாலத்தில் பாதி பஸ்ஸில் போய்விடுகிறது. வகுப்பின் நேரம் இன்னும் சேரவில்லை. வகுப்பு நடத்துவோரைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. கண்டியிலேயே வசிக்கும் ஒருவருக்கு அது நல்ல ஆலோசனையாக இருக்கலாம். மஸ்கெலியாவில் இருக்கும் உங்களுக்கு அது பொருந்தாது.

பரீட்சைக்கான மூன்று மணித்தியாலத்தில் நுண்ணறிவு வினாக்களைக் கடிகாரத்தை வைத்துச் செய்து பழகுங்கள். அதற்கு ஆசிரியர் தேவையில்லை, தொடர்ச்சிதான் தேவை. கல்வித்துறை சார்ந்த அறிவுக்கு நீங்கள் தனியாக உட்காரவே தேவையில்லை, ஏனென்றால் உங்கள் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயமே அதுதான். வரவு வீழ்ச்சியைப் பற்றி எழுதுகிறவர் கட்டாயக் கல்வியைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. 1939ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டத்தில் தொடங்கி, 5 முதல் 14 வயது வரை பாடசாலை வரவைக் கட்டாயமாக்கி 1998இல் நடைமுறைக்கு வந்த ஒழுங்குவிதிகளையும், அந்த எல்லையை 16 வயதாக உயர்த்திய 2016ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளையும் நீங்கள் வாசித்தே ஆகவேண்டும். இலவசக் கல்வி 1945இல் வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதன் வெளியே நின்றதையும், 1977 முதல் அவற்றை அரசாங்கம் கட்டங்கட்டமாகப் பொறுப்பேற்றதையும் விளக்கவேண்டும். மாகாண சபைகளுக்கு வழிவகுத்த அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தத்தின் பின் தேசியப் பாடசாலை, மாகாணப் பாடசாலை என்ற பிரிவினை நிர்வாகத்தை எவ்வாறு மாற்றியது, 1991ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட தேசிய கல்வி ஆணைக்குழுவின் பணி என்ன என்பவையும் அதே அத்தியாயத்தில் இடம்பெறும். கல்வி நிர்வாகியாக வர விரும்பும் ஒருவர் அறிந்திருக்கவேண்டியவை இவையே. ஒவ்வொரு பகுதியையும் எழுதி முடித்ததும் அதை ஒரு பக்கக் குறிப்பாகச் சுருக்கித் தனிக் கொப்பியில் எழுதி வையுங்கள். பரீட்சை அறிவித்தல் வரும் நாளில் அந்தக் கொப்பி உங்களுக்காகக் காத்திருக்கும்.

தரவு சேகரிப்பை எப்போது செய்வது என்பதில் மலையகத்தில் இருப்பவர் மிகக் கவனமாக இருக்கவேண்டும். ஜூன், ஜூலை மாதங்களில் உங்கள் பக்கத்தில் அடைமழை. பாதை வழுக்கும், மண்சரிவு அச்சம் வரும், வரவு தானாகவே குறையும். அந்த மாதங்களின் வரவு இடாப்பை மட்டும் வைத்து எழுதினால் மழை செய்ததை வறுமை செய்ததாக எழுதிவிடுவோம். ஆகவே வரவு இடாப்புகளை மூன்று தவணைக்கும் எடுங்கள், குறைந்தது இரண்டு வருடங்களுக்கு. பெற்றோரைச் சந்திக்கும் வேலையை வருடத் தொடக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கொழுந்து மிகுந்து வரும் ஏப்ரல், மே மாதங்களில் ஒரு தாயை உட்கார வைத்து அரை மணித்தியாலம் பேசுவது அவருடைய நாட்சம்பளத்தோடு விளையாடுவதாகும். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்திலோ கொழுந்து நிறுக்கும் இடத்திலோ பேட்டி எடுக்கவே வேண்டாம். கங்காணியும் கணக்கப்பிள்ளையும் அருகில் நிற்கும்போது, பிள்ளை ஏன் பாடசாலைக்கு வரவில்லை என்ற கேள்விக்கு எந்தத் தாயும் உள்ளதைச் சொல்லமாட்டார். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அவர்கள் குடியிருக்கும் லயத்துக்கே போங்கள். நீங்கள் அந்த மண்ணின் பிள்ளை. வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் எவருக்கும் கிடைக்காத பேச்சு உங்களுக்குக் கிடைக்கும். அதனாலேயே பொறுப்பும் கூடுகிறது. பிள்ளைகளின் பெயர், லயத்தின் இலக்கம், தோட்டத்தின் பெயர் எதுவும் ஆய்வேட்டில் இனங்காணக்கூடியதாக இருக்கக்கூடாது. தாய் வெளிநாட்டில் வேலை செய்யும் வீடுகளைப் பற்றி எழுதும்போது இது இன்னும் அவசியம்.

அனுமதிகளை வாய்மொழியாக வாங்காதீர்கள். உங்கள் அதிபர் நல்லவராக இருக்கலாம், ஆனால் அவர் மாற்றலாகிப் போகலாம். ஹட்டன் வலயத்துக்குள் மட்டும் ஆய்வு என்றால் வலயக் கல்விப் பணிப்பாளரின் கடிதமும், நுவரெலியா, வலப்பனை போன்ற வேறு வலயங்களையும் சேர்த்தால் மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கடிதமும் கையில் இருக்கவேண்டும். இந்தக் கடிதத்துக்கு வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம் என்பதால் முதல் வேலையாக இதையே செய்யுங்கள். காத்திருக்கும் நாட்களில் இரண்டாம் அத்தியாயத்தை எழுதலாம்.

மேற்பார்வையாளரைப் பற்றி நீங்கள் ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள்: "அவர் எப்போதும் வேலையாக இருக்கிறார்." அந்த ஒரு வரிக்குள் ஏழு மாதங்கள் இருக்கின்றன என்று நினைக்கிறேன். என்னுடைய முதுமாணிக் காலத்தில் என் மேற்பார்வையாளர் இடைநடுவில் வெளிநாடு சென்றார். நாங்கள் பேசித் தீர்த்தவை எவையும் எழுத்தில் இல்லாததால், புதிதாக வந்தவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார். எட்டு மாதங்களை இழந்தேன். அவரைக் குறைகூற எனக்கு மனமில்லை. எழுதி வைக்காதது என் தவறு. ஆகவே வெறுங்கையோடு அவரைச் சந்திக்கப் பயணம் செய்யாதீர்கள். ஐந்து பக்கமாவது எழுதி, அதோடு மூன்று கேள்விகளையும் சேர்த்து மின்னஞ்சலில் முன்கூட்டியே அனுப்புங்கள். சந்திப்பு முடிந்த அன்றிரவே என்ன தீர்மானிக்கப்பட்டது என்பதைச் சுருக்கமாக எழுதி அவருக்கு அனுப்பி வையுங்கள். வேலைப்பளு உள்ளவருக்கு, திருத்துவதற்குக் கையில் ஒன்று இருந்தால்தான் பதில் எழுத முடியும். இரண்டு நினைவூட்டல்களுக்குப் பின்னரும் பதில் வராவிட்டால், கற்கைநெறி இணைப்பாளருக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதுவதில் தவறேதும் இல்லை.

சிறிய விடயம் போலத் தோன்றும் இன்னொன்று, எழுத்துரு. பாமினி என்ற பழைய எழுத்துருவில் ஒரு பகுதி, யூனிகோட்டில் ஒரு பகுதி, தட்டச்சுக் கடையில் கொடுத்த பகுதி வேறொன்றில் என்று ஆய்வேட்டைத் தைத்தவர்கள் கடைசி மாதத்தில் படும் பாட்டைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மாற்றும்போது ஒற்றும் கொம்பும் இடம் மாறி, மேற்கோள்களெல்லாம் சிதைந்துபோகும். உங்கள் பீடம் எதை ஏற்கிறது என்பதை இப்போதே கேட்டு, முதல் பக்கத்திலிருந்து அதிலேயே நீங்களே தட்டச்சு செய்யுங்கள். தோட்டத்தில் சிக்னல் பலவீனம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஹட்டனுக்குப் போகும் நாளில் வேண்டிய கட்டுரைகளைத் தரவிறக்கிக்கொண்டு, எழுதியதை உங்கள் மின்னஞ்சலுக்கே ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள்.

ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கும்போதே வர்த்தமானியில் பரீட்சை அறிவித்தல் வந்துவிட்டால் என்ன செய்வது? அப்போது விண்ணப்பியுங்கள், தயங்கவேண்டாம். விண்ணப்பத்தை அதிபர், வலயக் கல்விப் பணிமனை ஊடாக அனுப்பவேண்டியிருந்தால், இறுதித் திகதிக்கு நன்கு முன்பாகவே கையளித்து, பெற்றுக்கொண்டதற்கான திகதி முத்திரையுடன் ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சைக்கு முந்திய ஆறு வாரங்களுக்கு மட்டும் கணக்கைத் தலைகீழாக்குங்கள்: 12 மணித்தியாலம் பரீட்சைக்கு, 3 ஆய்வேட்டுக்கு. அந்த மூன்றையும் விட்டுவிடாதீர்கள், முற்றாக மூடிய கோப்பை மீண்டும் திறப்பதற்கே ஒரு மாதம் பிடிக்கும். ஆறு வார இடைவெளியை மேற்பார்வையாளருக்கு எழுத்தில் அறிவித்துவிடுங்கள்.

உங்கள் தாயாரிடம் இந்த 50 வாரக் கணக்கைக் காட்டுங்கள் என்பதும் என் வேண்டுகோள். "இன்னும் எவ்வளவு காலம்தான் படிப்பாய்" என்று அவர் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். அவர் சலிப்பினால் கேட்கவில்லை, முடிவு நாள் தெரியாததால் கேட்கிறார் என்று நினைக்கிறேன். நாட்காட்டியில் ஒரு திகதியை வட்டமிட்டு அவர் கண்ணில் படும் இடத்தில் மாட்டிவிட்டு, இந்தச் சனிக்கிழமை காலையில் வலயக் கல்விப் பணிப்பாளருக்கான அனுமதிக் கடிதத்தை எழுதத் தொடங்குங்கள்.