மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி ஆக ஆசைப்படும் மகள்: நியூ ஜெர்சிப் பெற்றோருக்கு

உங்கள் மகள் அமெரிக்காவில் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி ஆக என்ன பரீட்சை எழுத வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். பரீட்சை கிடையாது. தமிழ்நாட்டில் சட்டம் முடித்தவர் டி.என்.பி.எஸ்.சி. வழியாக சிவில் நீதிபதியாகச் சேர்ந்து, படிப்படியாக மேலே போக வழி உண்டு. அமெரிக்காவில் அப்படி ஒரு வரிசையே இல்லை. முதலில் நல்ல வக்கீலாக வேண்டும். ஒரே மாநிலத்தில் பல வருஷம் வேரூன்றி, நீதிபதிகளும் எதிர்த்தரப்பு வக்கீல்களும் மதிக்கும் பெயரைச் சம்பாதிக்க வேண்டும். பதவி அதற்குப் பிறகுதான் வரும், வராமலும் போகலாம். ஆகவே வக்கீல் வேலையே பிடித்திருந்தால்தான் உங்கள் மகள் இந்த வழியில் இறங்க வேண்டும்.

எந்த மாநிலம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றத்தில் ஏழு பேர். கவர்னர் பெயரை முன்மொழிவார், மாநில செனட் ஒப்புதல் தர வேண்டும். குறைந்தது 10 வருஷம் முன்பே இந்த மாநிலத்தில் வக்கீலாகப் பதிவு செய்திருக்க வேண்டும். முதல் நியமனம் 7 வருஷத்துக்கு. மறு நியமனம் கிடைத்தால் 70 வயது வரை அசைக்க முடியாது. அந்த மறு நியமனம் வெறும் சடங்கு என்றே பல காலம் நினைத்திருந்தார்கள். 2010இல் கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி, ஜான் வாலஸ் என்ற நீதிபதியை மறு நியமனம் செய்ய மறுத்தார். 1947 அரசியல் சட்டம் வந்த பிறகு அப்படி நடந்தது அதுவே முதல் முறை. இரண்டு கட்சிகளுக்கும் இடையே சமநிலை காக்கும் எழுதாத மரபும் இங்கே உண்டு. தகுதி முழுக்க இருந்தும், காலியாகும் இடம் மற்றக் கட்சிக்காரருடையது என்பதாலேயே வாய்ப்பு நழுவலாம்.

டெக்சாஸில் நிலைமை வேறு. கட்சிச் சின்னத்திலேயே தேர்தலில் நின்று 6 வருஷத்துக்கு ஒருமுறை ஜெயிக்க வேண்டும். குறைந்தது 35 வயதும் அமெரிக்கக் குடியுரிமையும் கட்டாயம். விஸ்கான்சினில் 2025இல் ஒரே ஒரு இடத்துக்கு நடந்த தேர்தலில் சுமார் 10 கோடி டாலர் செலவானது. அயோவாவில் கவர்னர் நியமித்தாலும், பிறகு மக்கள் ஓட்டுப் போட்டுத் தொடரச் சொல்ல வேண்டும். ஒருபாலினத் திருமணத்தை அனுமதித்த 2009 தீர்ப்புக்காக, 2010இல் மூன்று நீதிபதிகளை மக்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இதையெல்லாம் மகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பக்கத்து நியூயார்க்கைப் பார்த்துக் குழம்பவும் வேண்டாம். அங்கே 'சுப்ரீம் கோர்ட்' என்பது விசாரணை நீதிமன்றம், மேலே இருப்பது 'கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ்'.

இனி படிப்பு. நான்கு வருஷ இளங்கலை எந்தப் பாடமாகவும் இருக்கலாம். 'ப்ரீ-லா' என்று தனியாக எதுவும் வேண்டியதில்லை. நிறைய எழுத வைக்கும் துறையாக இருந்தால் போதும். பிறகு லா ஸ்கூலில் சேர எழுதும் எல்சாட் தேர்வு, மதிப்பெண் 120 முதல் 180 வரை. 2024 ஆகஸ்டிலிருந்து அதில் லாஜிக் கேம்ஸ் என்ற தர்க்கப் புதிர்ப் பகுதி இல்லை, பழைய பயிற்சிப் புத்தகங்களை வாங்க வேண்டாம். அடுத்து மூன்று வருஷ ஜே.டி. என்ற சட்டப் பட்டம், அப்புறம் வக்கீலாகப் பதிவு செய்ய எழுதும் பார் எக்ஸாம். அந்தத் தேர்வு 2026 ஜூலை முதல் மாநிலம் மாநிலமாகப் புதிய வடிவத்துக்கு மாறுகிறது.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். பேர்பெற்ற தனியார் லா ஸ்கூலில் தங்கும் செலவோடு மூன்று வருஷத்துக்கு 3 லட்சம் டாலருக்கு மேல் ஆகும். பெரிய லா ஃபர்மில் முதல் வருஷச் சம்பளம் 2,25,000 டாலர். பல மாநிலங்களில் உச்ச நீதிமன்ற நீதிபதிக்கே அவ்வளவு கிடையாது. கடன் கழுத்தை நெரித்தால் பிள்ளை அரசு வேலையை எட்டிப் பார்க்கவே பயப்படும், இந்தப் பதவிக்கான அனுபவமோ பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கிறது. அரசு அல்லது பொதுநல வேலையில் இருந்தபடி 120 மாதத் தவணை கட்டினால் மீதி ஃபெடரல் (மத்திய அரசு) கடன் தள்ளுபடியாகும் திட்டம் உண்டு, தனியார் வங்கிக் கடனுக்கு அது பொருந்தாது. எங்கள் கணிப்பில், நியூ ஜெர்சிதான் இலக்கு என்றால் குறைந்த கடனோடு மாநில அரசுப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸில் படிப்பது தோல்வி ஆகாது. இந்த மாநில நீதிமன்றங்களில் அங்கே படித்தவர்கள் நிறையவே இருக்கிறார்கள்.

படிப்பு முடிந்ததும் ஒரு நீதிபதியிடம் ஒரு வருஷம் கிளர்க்காக இருக்கட்டும். இதை மட்டும் விட வேண்டாம். குமாஸ்தா வேலை என்று நினைத்துவிடாதீர்கள். மனுக்களைப் படித்துச் சட்டக் குறிப்பு எழுதுவது, தீர்ப்பின் வரைவு தயாரிப்பது எல்லாம் அதில் அடக்கம். நியூ ஜெர்சியில் வருஷந்தோறும் இப்படி நூற்றுக்கணக்கான இடங்கள் நிரப்பப்படுகின்றன. அதன் பிறகு அரசு வழக்கறிஞர் அலுவலகம், வசதியில்லாதவர்களுக்கு அரசு செலவில் வாதாடும் பப்ளிக் டிஃபெண்டர், மாநில அரசின் தலைமை வக்கீலான அட்டர்னி ஜெனரலின் அலுவலகம், மேல்முறையீட்டுப் பணி என எதுவும் சரி. ஆனால் ஐந்தாறு வருஷமாவது நேரடியாகச் சாட்சி விசாரித்த அனுபவம் இருப்பது நல்லது. விதிவிலக்கும் உண்டு: கலிஃபோர்னியாவின் குட்வின் லியூ 2011இல் பேராசிரியர் வேலையிலிருந்து நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். கணக்குப் போட்டால் உங்கள் மகளுக்குச் சட்டப்படி தகுதி வரும் வயது 35, 36. நடைமுறையில் ஐம்பதை ஒட்டியே பெயர் அடிபடும்.

வேலை பெரும்பாலும் வாசிப்பும் எழுத்தும். எந்த வழக்கை எடுப்பது என்று பொறுக்குவதே பெரிய உழைப்பு. கலிஃபோர்னியாவில் வாதம் முடிந்து தீர்ப்புக்கு ஒதுக்கிய வழக்கு 90 நாளுக்கு மேல் நிலுவையில் இருந்தால், அது முடியும் வரை நீதிபதிக்குச் சம்பளமே கிடையாது, அரசியல் சட்டம் அப்படிச் சொல்கிறது. கட்சிக்கு நன்கொடை கொடுக்க முடியாது, கணவரின் பங்கு முதலீடுகூட வழக்கிலிருந்து விலக வைக்கலாம். பாதுகாப்பும் உண்மையான கவலைதான். 2020 ஜூலையில் நம் மாநிலத்திலேயே ஒரு ஃபெடரல் நீதிபதியின் வீட்டு வாசலில் அவர் மகன் சுட்டுக் கொல்லப்பட்டான். அதே வருஷம் அவன் பெயரில் வந்த டேனியல் சட்டம் நீதிபதிகளின் வீட்டு முகவரியை வெளியிடத் தடை போட்டது.

மகள் எச்-4 விசாவில் (பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்தது) இருந்தால் 21 வயதில் அது முடிந்துவிடும். அதற்கு முன் என்ன செய்வது என்று குடிவரவு வக்கீலிடம் இப்போதே பேசுங்கள். அரசுச் சட்ட வேலைகள் பலவும் குடியுரிமை கேட்பவை.

சின்ன விஷயங்களை மறைக்கும் பழக்கமும் வேண்டாம். லா ஸ்கூல் விண்ணப்பமும் பார் பதிவும் பழைய கல்லூரி ஒழுங்கு நடவடிக்கை, கைது, கட்டாத கடன் வரை கேட்கும். செய்த தவறைவிட மறைத்ததே அதிகமாகக் கெடுக்கும்.

மகளுக்கு இது ஒத்துவருமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. மாநிலத் தலைநகர் ட்ரென்டனில் நடக்கும் உச்ச நீதிமன்ற வாதங்கள் இணையத்தில் நேரலையாக வருகின்றன. ஒன்றை முழுசாகப் பார்க்கச் சொல்லுங்கள். சில மாதம் கழித்துத் தீர்ப்பு வந்ததும் அடிக்குறிப்பு உட்பட அவளே படித்து, இரண்டு பக்கத்தில் எழுதட்டும். டிபேட் கோப்பைகளைவிட அந்த இரண்டு பக்கம் அதிகம் சொல்லும்.

இந்த வருஷமே முடிவெடுக்க வேண்டியது ஒன்று பாக்கி. பள்ளியில் இருக்கும்போதே கம்யூனிட்டி காலேஜில் டூயல் என்ரோல்மென்ட் பாடம் எடுத்தால், அந்த மதிப்பெண் லா ஸ்கூல்கள் பார்க்கும் ஜி.பி.ஏ. (கல்லூரிச் சராசரி மதிப்பெண்) கணக்கில் சேர்ந்துவிடும். பள்ளியிலேயே எழுதும் கல்லூரித் தர ஏ.பி. தேர்வின் மதிப்பெண் அந்தக் கணக்கில் சேராது. 'ஏ' வாங்குவாள் என்று நம்பிக்கை இல்லாத பாடத்தை டூயல் என்ரோல்மென்டில் எடுக்க வைக்காதீர்கள்.