கேள்வி பதில்: திட்டினால் திருட்டா?

கேள்வி: சினிமா விமர்சன சேனல் நடத்துகிறேன். புதுப்படம் ஒன்றைக் கிழித்துத் தொங்கவிட்டேன், நடுவில் டிரெய்லரிலிருந்து பத்து நொடி காட்டினேன். யூடியூபில் ‘காப்பிரைட் ஸ்ட்ரைக்’ (பதிப்புரிமை மீறல் புகாரால் விழும் எச்சரிக்கை) வந்து வீடியோ போயே போச்சு. பேச்சுரிமை எல்லாம் ஏட்டில் மட்டும்தானா?
- வாசகர், திருச்சி

பதில்: உங்கள் வீடியோவைத் தூக்கியது நீதிமன்றம் இல்லை, யூடியூப். சட்டம் இந்த விஷயத்தில் பெரும்பாலும் உங்கள் பக்கம்தான். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, விமர்சிக்கவும் நடப்புச் செய்தி சொல்லவும் அடுத்தவர் படைப்பிலிருந்து நியாயமான அளவு எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. எத்தனை நொடி என்ற கணக்கு அதில் கிடையாது. முப்பது நொடி வரை ஓகே என்பதெல்லாம் சும்மா கிளப்பிவிட்டது.

கேரளாவில் ஒரு வழக்கு நடந்தது. தோப்பில் பாசி 1952-ல் எழுதிய கம்யூனிஸ்ட் நாடகத்தின் பாத்திரங்களையும் வசனங்களையும் எடுத்துவைத்துக்கொண்டே, கட்சி அடித்தட்டு மக்களை மறந்துவிட்டது என்று சிவிக் சந்திரன் ஒரு எதிர்நாடகம் எழுதினார். பாசியின் குடும்பத்தார் வழக்குப் போட்டார்கள். 1996-ல் உயர்நீதிமன்றம் எவ்வளவு எடுத்தார், எதற்காக எடுத்தார், மூல நாடகத்தின் வியாபாரத்துக்குப் போட்டியா என்று மூன்றையும் பார்த்துவிட்டு, நாடகத்தை நடத்தலாம் என்றது. பத்து நொடி டிரெய்லரெல்லாம் இதற்கு முன்னால் எம்மாத்திரம்!

ஆனால் நடைமுறை வேறு. புகார் கொடுப்பவருக்கு ஒரு படிவம் நிரப்பினால் போதும், உங்களுக்கோ 90 நாளில் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் சேனலே போய்விடும், அதனால்தான் பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். பிடிக்காத விமர்சனத்தை அமுக்க இதைவிட மலிவான வழி இல்லை. யூடியூபிடம் எதிர்மனு போடுங்கள். பத்து வேலை நாளுக்குள் புகார் கொடுத்தவர்கள் கோர்ட்டுக்குப் போனதாகக் காட்டாவிட்டால் வீடியோ திரும்பி வரும். ஒன்று, உங்கள் பெயரும் முகவரியும் அவர்கள் கைக்குப் போகும், அதற்குத் தயாராக இருங்கள். அப்புறம், முகாந்திரமே இல்லாமல் வழக்குப் போடுவேன் என்று மிரட்டினால், அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 60-வது பிரிவின்படி நீங்களே வழக்குப் போட்டு நஷ்டஈடு கேட்கலாம்.

கேள்வி: பாரதியார் பாட்டைப் பாடிப் போட்டாலும் ஸ்ட்ரைக் வருமா?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: வரிகள் எல்லோருக்கும் பொது. ஒரு காலத்தில் அவற்றின் இசை உரிமை ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. பெரிய சண்டைக்குப் பிறகு 1949-ல் அரசு உரிமையைக் கையில் எடுத்தது, பின்னர் பொதுவுடைமையானது. சினிமாவில் வந்த மெட்டு அப்படியில்லை, அதன் உரிமை பெரும்பாலும் தயாரிப்பாளரிடமோ இசை நிறுவனத்திடமோ இருக்கும். சொந்த மெட்டில் பாடுங்கள்.