பதினோரு நிமிடக் குரலுக்கு மூன்று மாதமாகப் பதில் இல்லை

கேள்வி: அக்கா, எனக்கு வயது 35. பாம்பனில் இருக்கிறேன். ராமநாதபுரத்தில் கல்லூரி படித்தபோது மூன்று வருடம் என்னோடு ஒரே விடுதி அறையில் இருந்த தோழி, கீழக்கரைக்காரி, 2018-ல் ஷார்ஜா போய்விட்டாள். இந்த வருடம் நோன்புப் பெருநாள் அன்று பதினோரு நிமிடத்துக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். வேலை, பிள்ளைகள், அதுகளோடு என்ன விளையாடுகிறாள், என்ன படித்தாள், என்ன படம் பார்த்தாள், எல்லாம் சொல்லிவிட்டு "இப்ப நீ சொல்லுடி" என்று முடித்திருந்தாள். மூன்று மாதமாக நான் பதில் போடவில்லை. சொல்ல என்ன இருக்கிறது அக்கா? வீட்டுக்காரர் கடலுக்குப் போகிற ராத்திரிகளில் தூக்கம் வராமல் போனில் லூடோ ஆடுகிறேன். மீன்பிடித் தடைக்காலத்தில் மெய்யழகன் படத்தை மூன்று ராத்திரியாகப் பாதிதான் பார்த்தோம். பொன்னியின் செல்வன் புத்தகம் இரண்டாம் பாகத்தில், பூங்குழலி படகு வலிக்கிற இடத்தில் நிற்கிறது. என் பையன் ரயில் பாலம் தூக்கும்போதெல்லாம் மாடிக்கு ஓடுகிறான், அவ்வளவுதான். நடுவில் தம்பியின் படகு அக்கரையில், இலங்கையில், பிடிபட்டது. தம்பி வந்துவிட்டான், படகு வரவில்லை. அதைச் சொன்னால் அவள் மனசு கஷ்டப்படும். சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய் மாதிரி இருக்கும். (அவளுடைய இரண்டாவது குழந்தை பெயரும் மறந்து போச்சு.) எங்கிருந்து ஆரம்பிப்பது? ஊரிலிருந்து ஆள் போகிறார்கள், கருவாடு கொடுத்துவிடலாமா?

– பாம்பன் வாசகி

பதில்: அக்கா என்று கூப்பிட்டுவிட்டதால் நீ, வா, போ என்றே எழுதுகிறேன்.

அடைப்புக்குறிக்குள் ஒளித்து வைத்திருக்கிறாயே, குழந்தை பெயர், அதிலிருந்தே தொடங்குவோம். சொல்ல ஒன்றுமில்லை என்று நீ சொல்வதை நான் நம்பவில்லை. சொல்ல ஒன்றுமில்லாதவள் எனக்கு இவ்வளவு நீளமாக எழுதமாட்டாள். பேச்சு ஆரம்பித்தால் பிள்ளைகளைப் பெயர் சொல்லி விசாரிக்க வேண்டும், அங்கே மாட்டிக்கொள்வோம் என்ற பயம்தான் உன்னைத் தடுக்கிறது. நீ பாதி பார்த்த படத்திலும் இதே சங்கதிதான். பல வருடம் கழித்துக் கல்யாணத்துக்காக ஊருக்கு வரும் அரவிந்த்சாமியை, கார்த்தி அத்தான் அத்தான் என்று உயிரை விட்டு உபசரிக்கிறார். இவருக்கோ அவர் யார், பேரென்ன என்றே ஞாபகம் வரவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. மீதிப் பாதியைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே: விடிவதற்குள் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பி ஓடிவிடுகிறார். மூன்று மாதமாக நீயும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறாய்.

"உன் சின்னது பேரு மறந்துட்டேன்டி, திட்டாம சொல்லு" என்று முதல் வரியிலேயே போட்டுவிடு. ஒரே அறையில் மூன்று வருடம் கிடந்தவள் திட்டத்தான் செய்வாள். திட்டட்டும், பேச்சு தொடங்கிவிடும்.

அடுத்தது பாலம். ஒன்றுமில்லை என்ற பட்டியலில் அதையும் சேர்த்து, "அவ்வளவுதான்" என்று வேறு எழுதியிருக்கிறாய். படித்ததும் உன்னை ஒரு குட்டு வைக்கலாம் போலிருந்தது. யோசித்துப் பார். அவள் போனது 2018-ல். அவளுக்குத் தெரிந்தது 1914-ல் கட்டிய பழைய பாலம். கப்பல் வந்தால் நடுவில் இரண்டாகப் பிளந்து, இரண்டு கையையும் மேலே தூக்கின மாதிரி நிற்குமே, அது. விடுமுறைக்கு உன் வீட்டுக்கு வந்தபோது உன் மாடியில் நின்று அவளும் அதைப் பார்த்திருப்பாள். 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றுபோனதும், இரண்டு வருடத்துக்கு மேலாக ரயில் மண்டபத்தோடு முடிந்துபோய் நாமெல்லாம் பஸ்ஸில் ரோட்டுப் பாலம் தாண்டியதும் அவள் அங்கே செய்தியாகப் படித்திருந்தால் உண்டு. அவள் பெருநாளுக்குக் குரல் அனுப்பிய அடுத்த வாரம், 2025 ஏப்ரல் 6 அன்று, புதுப் பாலம் திறந்தார்கள். 72.5 மீட்டர் நீளத் துண்டு ஒன்று, பிளக்காமல் சாயாமல், அப்படியே கிடையாக 17 மீட்டர் மேலே போய் நிற்கிறது. பிறந்ததிலிருந்து பாலம் பார்த்த எனக்கே முதல் தடவை வயிற்றைப் பிசைந்தது. உன் பையனுக்குப் பாலம் என்றால் இனி இதுதான். அவளுக்கு இன்னும் அந்தப் பழையதுதான். "அடியே, நம்ம பாலம் இப்ப கை விரிக்கிறதில்ல, லிப்ட் மாதிரி மேல போகுது, இவன் ஒவ்வொரு தடவையும் மாடிக்கு ஓடுறான்" என்று எழுதிப் பார். அவன் ஓடும்போது என்ன கத்துகிறான், செருப்பு போட்டுக்கொண்டா, சாப்பாட்டுத் தட்டோடா, அதையும் எழுது. நலம், நலமறிய ஆவல் என்று நாலு பக்கம் எழுதினாலும் அவளுக்கு உன் வீடு தெரியாது. பையன் கையில் சோற்றுப் பருக்கையோடு ஓடினான் என்றால் தெரியும்.

லூடோவுக்கு என்ன வெட்கம்? நம் தாயத்தின் பங்காளிதானே அது. புளியங்கொட்டையை ஒரு பக்கம் வெள்ளை தெரியத் தேய்த்து, சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் கட்டம் போட்டு நாங்கள் ஆடியதைத்தான் நீங்களும் விடுதியில் ஆடியிருப்பீர்கள். முன்பின் தெரியாதவர்களோடு ஆடுவதற்குப் பதிலாக அவளைக் கூப்பிடேன். ஷார்ஜா நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். உனக்கு ராத்திரி பதினொன்று என்றால் அவளுக்கு ஒன்பதரைதான், பிள்ளைகளைப் படுக்கப் போட்டிருப்பாள். அவர் கடலில் இருக்கிற ராத்திரியில் நீ தூங்காமல் இருப்பது அவளுக்கும் தெரியட்டும். காயை வெட்டிக்கொண்டே பேசுகிற பேச்சு, உட்கார்ந்து பேசுகிற பேச்சைவிட நன்றாக வரும் என்பது என் அனுபவம்.

படத்தைப் பாதியில் விட்டதையும் விட்டபடியே சொல். 61 நாள் தடைக்காலத்தில்தான் வீட்டுக்காரரோடு சேர்ந்தாற்போல் மூன்று ராத்திரி உட்கார முடிந்தது, அதிலும் அவர் எந்த இடத்தில் குறட்டை விட்டார் என்பது படத்தின் கதையைவிட ருசியான கதை. கதை அவளுக்கே தெரிந்திருக்கும்.

புத்தகத்துக்கு வருகிறேன். இதை எழுதலாமா என்று கொஞ்சம் யோசித்தேன். பூங்குழலி கோடிக்கரையிலிருந்து வந்தியத்தேவனை ஏற்றிக்கொண்டு இலங்கைக்குப் படகு வலிக்கிற இடத்தில் நிறுத்திவிட்டதாகச் சொல்கிறாய். நேரம் கிடைக்காமல் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்தப் பெண் பயமில்லாமல் தாண்டுகிற கடலும் உன் தம்பி படகைத் தொலைத்த கடலும் ஒன்றுதான். எனக்கே அந்த இடத்தில் கை நின்றிருக்கும். நான் நினைத்தது தப்பாக இருந்தால் விட்டுவிடு. சரியாக இருந்தால், தம்பி சங்கதியை அவளிடம் சொல்ல இதைவிட நல்ல வாசல் கிடையாது. "புத்தகம் இந்த இடத்தில் நிக்குது, ஏன்னா" என்று தொடங்கி, இரண்டு மூன்று வரி போதும். எப்போது போனான், எப்போது வந்தான், படகு இன்னும் அங்கே, கடன் இவ்வளவு. பாவப்பட வைக்கிற வார்த்தை வேண்டாம், உதவி கேட்கிற மாதிரியும் வேண்டாம், கேட்கத்தான் வேண்டும் என்றால் தனியாக இன்னொரு நாள் நேராகக் கேள். கடிதத்தின் முதலில் வைத்தால் மீதியெல்லாம் அவளுக்குத் துக்கமாகவே கேட்கும். கடைசியில் வைத்தால் அதைக் கையில் கொடுத்துவிட்டு நீ போய்விட்ட மாதிரி இருக்கும். நடுவில் வை. பாலத்துக்குப் பின்னால், லூடோவுக்கு முன்னால்.

கீழக்கரையில் பிறந்தவளுக்குக் கடலில் என்ன நடக்கும் என்பது புதிதில்லை. நீ மறைத்துவிட்டு, அவள் ஊர்க்காரர் யாரிடமாவது பிறகு கேள்விப்பட்டால்தான் மனசு கஷ்டப்படும்.

எழுதுவதா, பேசி அனுப்புவதா? பேசியே அனுப்பு, மாடியில் நின்று. இப்போது கச்சான் காற்று அடிக்கிறது, பாதி வார்த்தையைக் காற்று கொண்டுபோய்விடும், பரவாயில்லை. ஷார்ஜாவில் பூட்டிய அறையில் ஏசி சத்தத்தில் இருக்கிறவளுக்கு அந்த இரைச்சலும் ஊர்ச் செய்திதான். பதினோரு நிமிடத்துக்குப் பதினோரு நிமிடம் என்று கணக்குத் தீர்க்க வேண்டாம். நான்கு நிமிடம் போதும். "மூணு மாசம் ஆச்சு, மன்னிச்சிரு" என்று ஒரு தடவை சொல், இரண்டாவது தடவை சொல்லாதே, கேட்கிறவளுக்குச் சங்கடம்.

கருவாடு: நெத்திலியை எவ்வளவு சுற்றிக் கட்டினாலும் அது தன் வேலையைக் காட்டும், கொண்டுபோகிற மனுஷனுடைய துணிமணியை நினைத்துப் பார். மாசியாக, அதாவது காய்ந்த சூரைக் கருவாடாகக் கொடு. கட்டையாக வேண்டாம், நன்றாகக் காய வைத்து இடித்து, காற்றுப் போகாத டப்பாவில் போட்டு, அதை இன்னொரு பையில் கட்டு. கீழக்கரைக்காரிக்கு அது போதும். டப்பாவின் மேல் அவள் பெயரோடு இரண்டு பிள்ளைகள் பெயரையும் எழுதி அனுப்பு. அதற்குள் சின்னதன் பெயர் தெரிந்திருக்கும்.