செவ்வால் கெளுத்தியை ரெட்டேரியில் விடலாமா?

கேள்வி: 10 மாதத்துக்கு முன் சென்னை கொளத்தூரில் 3 அங்குல ரெட் டெயில் கேட்ஃபிஷ் (செவ்வால் கெளுத்தி) வாங்கினேன். “தொட்டி அளவுக்குத்தான் வளரும்” என்றார்கள். இப்போது 16 அங்குலம். கூட இருந்த 2 ஆஸ்கர் மீன்களையும் விழுங்கிவிட்டது. தொட்டி 4 அடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றரை அடி. ரெட்டேரியில் விட்டால் புண்ணியம் என்கிறார் மாமியார். 1,500 ரூபாய் கொடுத்தால் எடுத்துக்கொள்வதாக வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் சொல்கிறார். எது சரி? (பெரம்பூர் வாசகர்)

பதில்: இரண்டுமே வேண்டாம்.

இது தென் அமெரிக்காவின் அமேசான், ஓரினோகோ ஆறுகளின் மீன். முழுதாக வளர்ந்தால் 4 அடியைத் தொடும், சில அதையும் தாண்டும். தொட்டி அளவுக்கு வளரும் என்பது வியாபாரப் பேச்சு. தொட்டி சின்னதென்று மீனின் உடம்புக்குத் தெரியாது. அசுத்தத் தண்ணீரில் வளர்ச்சி குன்றும், முதுகு கோணும், மூக்கு தொட்டிக் கண்ணாடியில் உரசிப் புண்ணாகும். இதைத்தான் ‘அடங்கி வளர்கிறது’ என்று விற்கிறார்கள். உங்கள் தொட்டியின் அகலம் 18 அங்குலம், மீன் 16. இன்னும் 2 அங்குலம் போனால் உடம்பை மடக்காமல் திரும்பவே முடியாது.

ஏரியில் விடுவது புண்ணியம் இல்லை. பிழைத்தால், வாய்க்கு அடங்கும் எதையும் விழுங்கும். கண்ணாடி துடைக்க வாங்கிய ‘டேங்க் கிளீனர்’ மீனை இரக்கப்பட்டு விட்டவர்களால் இன்று ஏரி மீனவர்களின் வலை கிழிகிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்புக்கு 2000-லேயே தடை வந்தும் சந்தையில் கூடையில் நெளிகிறது. வண்ண மீன் கடைகளுக்கு 2017-ல் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது, அதே வருடம் திரும்பப் பெற்றுக்கொண்டது. ‘இந்த மீன் 4 அடி வளரும்’ என்று கடைக்காரர் ஒரு சீட்டு ஒட்டினால் போதும், பாதிப் பேர் வாங்கமாட்டார்கள். அதைக்கூடச் சொல்ல ஆளில்லை.

அந்த 1,500 ரூபாய் ஆளிடம், மீன் போகும் தொட்டியின் வீடியோவை இன்றைய செய்தித்தாளோடு எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தயங்கினால், உங்கள் மீன் மறுவிற்பனைக்குப் போகும், அல்லது இருட்டியபின் ஏரிக்குப் போகும். நீங்கள் கொடுப்பது பெட்ரோல் காசு.

“பண்ணை வீட்டுக் குளத்தில் விடலாமே, அது ஏரி இல்லையே?” என்று பலர் கேட்கிறார்கள். விடலாம், ஆனால் அந்தக் குளம் மழையில் வழியக்கூடாது. கரை தரையைவிட ஓரடியாவது உயரமாக இருக்க வேண்டும், வடிகால் குழாயில் கம்பி வலை வேண்டும், வாய்க்காலோடு தொடர்பு இருக்கக்கூடாது. ஐப்பசி அடைமழையில் வழியாது என்று சொந்தக்காரர் சொன்னால் நம்பாதீர்கள், 2015-ல் தண்ணீர் எதுவரை வந்தது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். 2018 வெள்ளத்துக்குப் பின் கேரளத்தின் சாலக்குடி ஆற்றில் அமேசான் மீனான அராபைமா வலையில் சிக்கியது. அதையும் யாரோ ‘மூடிய குளம்’ என்று நம்பித்தான் வளர்த்திருப்பார்கள்.

நீங்களே வைத்துக்கொள்வதென்றால் தரையில் 12 அடி நீளம், 8 அடி அகலம், 4 அடி ஆழத்தில் சிமென்ட் தொட்டி கட்ட வேண்டும். மூன்றரை அடி நிரப்பினால் சுமார் 9,500 லிட்டர். மொட்டைமாடியில் வேண்டவே வேண்டாம். சதுர மீட்டருக்கு ஒரு டன்னுக்கு மேல் எடை இறங்கும். வீட்டு மாடிகள் தாங்கக் கணக்கிடுவது அதில் ஆறில் ஒரு பங்கைக்கூட எட்டாது.

இடம் கிடைக்கும்வரை தினமும் 15 லிட்டர் பக்கெட்டில் 5 பக்கெட் தண்ணீர் மாற்றுங்கள். மெட்ரோ தண்ணீர் என்றால் அந்த 75 லிட்டருக்கு முக்கால் கிராம் ‘ஆன்டி குளோரின்’ படிகத்தை முன்பே கரையுங்கள். கூழாங்கல்லை எடுத்துவிடுங்கள், விழுங்கும். ஹீட்டரையும் கழற்றுங்கள்: சென்னை வெயிலுக்குத் தேவையில்லை, வாலடியில் உடைந்தால் தண்ணீரில் மின்சாரம் பாயும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை மூழ்கும் பெல்லட் (குருணைத் தீவனம்), அல்லது முள் நீக்கிய ஜிலேபி மீன் துண்டு போதும். கோழி ஈரல் வேண்டாம், அந்தக் கொழுப்பு அதற்குச் செரிக்காது. உயிர் மீனும் போடாதீர்கள், நோயைத்தான் விலைகொடுத்து வாங்குவீர்கள். நோய் வந்தால் மருந்தைக் கடைக்காரரிடம் கேட்காமல், மாதவரத்தில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழக வளாகத்தில் கேளுங்கள். மருந்து ஊற்றிய மீனைக் குழம்பு வைக்கும் யோசனை வந்தால் அதையும் விடுங்கள்.

இடம் மாற்றும்போது 2 நாள் பட்டினி போடுங்கள், இல்லாவிட்டால் வழியில் கக்கித் தண்ணீரைக் கெடுக்கும். வலை போட்டால் பக்கத் துடுப்பு முள் மாட்டிக்கொண்டு கிழியும். தடித்த பிளாஸ்டிக் ஷீட்டைத் தொட்டிக்குள் இறக்கி, மீனைத் தண்ணீரோடு தொட்டில்போல் தூக்க வேண்டும், இதற்கு இரண்டு பேர் தேவை. 100 லிட்டர் டிரம்மில் பாதித் தண்ணீர், பேட்டரி ஏர் பம்ப். மூடியில் துளை போட்டு இறுகக் கட்டுங்கள், அது குதிக்கும்.