மூன்றாவது முறையும் மேடை ஏற வேண்டுமா? – குத்துச்சண்டை கேள்வி பதில்

ரியாத்தில் 2024 டிசம்பர் 21ஆம் தேதி நடந்த ஹெவிவெயிட் (மிக அதிக எடைப் பிரிவு) உலகப் பட்டச் சண்டையில் டைசன் ஃபியூரி இரண்டாவது முறையும் ஒலெக்சாண்டர் உசிக்கிடம் தோற்றார். என்னிடம் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் அதன்பின் இரண்டு வாரமும் கையில் துணி சுற்றும்போதே அதைத்தான் பேசினார்கள். கேள்விகளை எழுதி அனுப்பச் சொன்னேன், குவிந்துவிட்டன. சிங்கப்பூரில் எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்பது ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருக்கிறது. கார்னரில் (மேடை மூலையில், பயிற்சியாளராக) நின்ற அனுபவமும், வாழ்நாள் முழுக்கப் பார்த்த பழைய சண்டைகளும்தான் என் கைமுதல். அதற்குள் அடங்குவதற்குப் பதில் சொல்கிறேன்.

தெம்பனிஸ்: அண்ணே, ஃபியூரி மூன்றாவது சண்டை கேட்கலாமா, வேண்டாமா?

வேண்டாம். ஏன் என்று விவரமாகவே சொல்கிறேன்.

மே 18இல் நடந்த முதல் சண்டையில் புள்ளி போடும் மூன்று நடுவர்களில் இருவர் உசிக் பக்கம், ஒருவர் ஃபியூரி பக்கம். உசிக்குக்கு 115-112, 114-113; ஃபியூரிக்கு 114-113. அப்படித் தோற்றவர் இன்னொரு முறை கேட்டால் யாரும் குறை சொல்ல முடியாது. கேட்டார், கிடைத்தது. டிசம்பரில் மூன்று நடுவர்களும் ஒரே மாதிரி 116-112 என்று உசிக்குக்குப் போட்டார்கள். குத்துக் கணக்கைப் பாருங்கள். மே மாதம் உசிக் அடித்தது 170, ஃபியூரி 157. டிசம்பரில் 179க்கு 144. இடைவெளி 13இலிருந்து 35 ஆகிவிட்டது. நடுவில் ஏழு மாதம் இருந்தது. ஃபியூரி 118 கிலோவிலிருந்து 127க்கு ஏறி வந்தார். உடையோடு தராசில் ஏறினார், அதைக் கொஞ்சம் கழித்துக்கொண்டாலும் உசிக்கைவிட இருபது கிலோவுக்கு மேல் அதிகம். அத்தனையும் செய்து வித்தியாசம் கூடத்தான் செய்தது.

மறுபோட்டி கேட்கிறவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: போன தடவை செய்யாத எதை இந்தத் தடவை செய்யப் போகிறாய்? 1936இல் ஜோ லூயிஸை மேக்ஸ் ஷ்மெலிங் 12ஆம் ரவுண்டில் வீழ்த்தினார். லூயிஸ் ஜாப் (முன் கையால் நேராக விடும் குத்து) போட்டுவிட்டு இடது கையைத் தாழ்த்துகிறார், அந்த இடைவெளியில் வலது கையை இறக்கலாம் என்று ஷ்மெலிங் முன்கூட்டியே கண்டுபிடித்திருந்தார். லூயிஸ் அதைத் திருத்திக்கொண்டு 1938இல் வந்தார். 124 விநாடியில் ஷ்மெலிங்கைச் சாய்த்துவிட்டார். 2019இல் ஆண்டி ருயிஸிடம் விழுந்த அந்தோனி ஜோஷுவா, ஆறு மாதத்தில் எடையைக் குறைத்து, ஓடியாடி ஜாப் போட்டே 12 ரவுண்டு ஜெயித்தார். ருயிஸோ இன்னும் எடை போட்டு வந்திருந்தார். இந்த இருவரிடமும் பதில் இருந்தது.

ஃபிளாய்ட் பேட்டர்சனிடம் இல்லை. 1962இல் சன்னி லிஸ்டன் அவரை 2 நிமிடம் 6 விநாடியில் சாய்த்தார். பத்து மாதம் கழித்து மறுபடி ஏறினார். 2 நிமிடம் 10 விநாடி. அந்த இரண்டு படத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தால் எனக்கு நெஞ்சு கனத்துப்போகும். இத்தனைக்கும் யோஹான்சனிடம் இழந்த பட்டத்தை 1960இல் மறுபோட்டியில் திரும்ப வாங்கி, அதைச் செய்த முதல் ஹெவிவெயிட் என்று பெயர் எடுத்தவர் அவர்.

ஃபியூரி 24 ரவுண்டு உசிக்கோடு நின்றுவிட்டார். இடக்கைக்காரரான உசிக் தன் வலது காலை ஃபியூரியின் இடது காலுக்கு வெளியே வைத்துத்தான் ஒவ்வொரு முறையும் இடது கையை நேராக விட்டார். அந்தக் காலை என்ன செய்வது என்று ஃபியூரியின் கார்னரிலிருந்து 24 ரவுண்டிலும் பதில் வரவில்லை.

அங் மோ கியோ: மூன்று ரவுண்டு வித்தியாசத்தில் நான்தான் ஜெயித்தேன் என்று ஃபியூரி சொல்கிறாரே?

தோற்ற இரவில் எல்லாருக்கும் அப்படித்தான் தோன்றும். நம் நேரப்படி ஞாயிறு காலை ஆறு மணி, நான் பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து எழுதினேன். என் கணக்கில் உசிக் 115-113. அப்புறம் ஒலியை நிறுத்திவிட்டு இன்னொரு முறை பார்த்தேன், 116-112 வந்தது. நீங்களும் ஒலி இல்லாமல் பாருங்கள். வர்ணனையாளர் சத்தம் போடுகிற குத்தெல்லாம் பட்ட குத்து இல்லை.

ஈசூன்: வைல்டர் மூன்று முறை ஃபியூரியோடு சண்டை போட்டாரே, அது மட்டும் சரியா?

டியோன்டே வைல்டர் அமெரிக்க ஹெவிவெயிட். முதலாவது, 2018, சமன். இரண்டாவதில், பிப்ரவரி 2020, ஏழாம் ரவுண்டில் வைல்டரின் பயிற்சியாளர் மார்க் பிரேலண்ட் துண்டை வீசி நிறுத்தினார். உயிரைக் காப்பாற்றிய அந்த மனிதரை வைல்டர் வேலையை விட்டு அனுப்பினார். மேடைக்கு அணிந்து வந்த உடையின் கனத்தால் கால் சோர்ந்துவிட்டது என்றும் சொன்னார். மூன்றாவது சண்டை ஒப்பந்தப்படி மத்தியஸ்தர் தீர்ப்பில் கிடைத்தது. அதனால் அப்போது ஃபியூரி - ஜோஷுவா சண்டை நடக்காமல் போனது.

அக்டோபர் 2021இல் நடந்த அந்த மூன்றாவது சண்டை அருமையான சண்டை. நான்காம் ரவுண்டில் ஃபியூரியை இரண்டு முறை வீழ்த்தினார் வைல்டர். ஆனால் 11ஆம் ரவுண்டில் அவர் விழுந்த விதத்தைப் பாருங்கள். பார்க்கிற நமக்கு அது விருந்து. அந்தத் தலை அவருடையது. எப்போதும் சொல்வதை இங்கேயும் சொல்கிறேன்: தோற்ற வாரத்தில் மறுபோட்டி கேட்காதீர்கள், தலைவலியை மறைக்காதீர்கள்.

புக்கிட் பாத்தோக்: அடுத்த சண்டையில் யார் ஜெயிப்பார், எவ்வளவு கட்டலாம்?

பந்தயக் கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை.

பொங்கோல்: மே மாதச் சண்டையில் ஒன்பதாம் ரவுண்டில் நடுவர் குறுக்கே வந்து எண்ணியதால்தான் ஃபியூரி தப்பித்தார். எண்ணாமல் விட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும், மறுபோட்டிப் பேச்சே வந்திருக்காது. சரிதானே?

இந்தக் கேள்வி வரும் என்று காத்திருந்தேன். உசிக்கின் இடது கை முகத்தில் இறங்கியதும் ஃபியூரி கால் பின்னி ஒரு கயிற்றிலிருந்து இன்னொரு கயிற்றுக்குத் தள்ளாடினார். கயிறு தாங்கியதால் மட்டுமே ஒருவர் விழாமல் நின்றால் அது விழுந்ததற்குச் சமம், மேடை நடுவர் சண்டையை நிறுத்தி வைத்து எண்ண வேண்டும் என்பது விதி. மேடை நடுவர் மார்க் நெல்சன் எண்ணினார். எண்ணி முடித்த கொஞ்ச நேரத்தில் மணி அடித்துவிட்டது.

ஆனால் அந்த எண்ணிக்கை ஃபியூரிக்கு உதவியது மட்டும்தானா? புள்ளியைக் கூட்டிப் பாருங்கள். மூன்று தாளிலும் மொத்தம் 227. ரவுண்டை ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு 9, அவர் விழுந்து எண்ணப்பட்டால் 8. எந்த ரவுண்டும் 10-8 ஆகாமல் பன்னிரண்டும் 10-9 என்றால் 228 வரும். அதாவது மூவருமே ஒரு ரவுண்டுக்கு 10-8 போட்டிருக்கிறார்கள், அது இந்த ஒன்பதாம் ரவுண்டு. எண்ணாமல் விட்டு அது 10-9 ஆகியிருந்தால் ஒவ்வொரு தாளிலும் ஃபியூரிக்கு ஒரு புள்ளி கூடும். 115-113 உசிக், 115-113 ஃபியூரி, 114-114. சண்டை சமன்!

காலாங்: மாஸ்டர், உங்கள் கூட்டல் சரி. ஆனால் எண்ணாமல் இருந்தால் நாக்கவுட்தான், புள்ளியே தேவைப்பட்டிருக்காது. நெல்சன் ஃபியூரியைக் காப்பாற்றினார்.

தம்பி, இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கை தூக்க முடியாதவர் முன்னால் நிற்கும்போது நடுவருக்கு இரண்டு வழிதான் உண்டு. எண்ணலாம், இல்லை சண்டையை நிறுத்தலாம். சும்மா நின்று இன்னும் நாலு அடி விழட்டும் என்று பார்ப்பது ஒரு வழியே இல்லை. நிறுத்தியிருக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னால் அதில் பாதி நியாயம் இருக்கிறது, உட்கார்ந்து பேசலாம். எண்ணாமல் விட்டிருக்க வேண்டும் என்று சொன்னால், நீங்கள் யாருக்கும் கார்னரில் நிற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

காலாங் (மறுபடியும்): அப்படியென்றால் நிறுத்தியிருக்க வேண்டும் என்றே சொல்கிறேன்.

சரி, பாதி தூரம் வந்துவிட்டீர்கள். எட்டு எண்ணியதும் ஃபியூரி கையைத் தூக்கினாரா, கண் நடுவரைப் பார்த்ததா? பார்த்தது. பத்தாம் ரவுண்டு முதல் கடைசி மணிவரை நின்றும் காட்டினார். அந்த நிலையில் உள்ளவருக்கு எண்ணிக்கை கொடுத்தது சரிதான். நான் இருந்தாலும் அதையே செய்திருப்பேன்.

ஜூரோங் வெஸ்ட்: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். உங்கள் கணக்குப்படி ஒரே ஒரு குத்துதான் முதல் சண்டையின் வித்தியாசம். அவ்வளவு நெருக்கமான ஆளுக்கு மூன்றாவது ஏன் கூடாது?

இன்றைக்கு வந்ததில் இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. அந்த ஒரு குத்துக்காகத்தான் இரண்டாவது சண்டை. ஃபியூரிக்கு இருந்த பாக்கி அது. டிசம்பரில் அந்தப் பாக்கி முழுசாகத் தீர்ந்துவிட்டது. இன்னொன்றும் இருக்கிறது. அப்போது வரிசையில் ஆள் நின்றார். செப்டம்பரில் ஜோஷுவாவை ஐந்தே ரவுண்டில் முடித்த டேனியல் டுபுவா, டிசம்பர் 21 இரவே மேடை ஏறி உசிக்கை அழைத்தார். மறுபோட்டிக்காக உசிக் விட்டுக்கொடுத்த ஐபிஎஃப் பெல்ட் (உலகப் பட்டங்களில் ஒன்று) அப்போது டுபுவா இடுப்பில் இருந்தது. ஒரே இருவர் திரும்பத் திரும்ப ஆடினால் மற்றவர்கள் எங்கே போவார்கள்?

செங்காங்: ஃபியூரி மறுபடி சண்டை போடலாமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

பாசிர் ரிஸ்: ஃபியூரி மூன்றாவது முறை ஜெயிக்க வாய்ப்பு உண்டா?

முதல் பதில். இதே கேள்வி இன்னும் நாலு பேரிடமிருந்து வந்திருக்கிறது, அவர்களுக்கும் அதுவே.

உட்லண்ட்ஸ்: மைக் டைசன், ஜேக் பால் சண்டையைப் பற்றி?

58 வயதுக்காரரை மேடை ஏற்றியது எனக்கு வருத்தம். அதைப் பற்றிப் பேச மனமில்லை.

குவீன்ஸ்டவுன்: நம் ஊரில் ஹெவிவெயிட்டே கிடையாது. நமக்கு எதற்கு இந்தப் பேச்சு?

1972 மூனிக் ஒலிம்பிக்கில் சிங்கப்பூருக்காக மேடை ஏறிய சையது அப்துல் காதிரின் எடைப் பிரிவு 48 கிலோ. குத்து வாங்கும் தலை எல்லா எடையிலும் ஒன்றுதான்.

சிராங்கூன் ரோடு, பெரியவர் ஒருவர்: 1975இல் கோலாலம்பூருக்கு முகமது அலியைப் பார்க்கப் போனவன் நான். அதுவும் மறுபோட்டிதானா?

ஆமாம் ஐயா. ஜோ பக்னர் 1973இல் லாஸ் வேகஸில் அலியிடம் 12 ரவுண்டு தோற்றவர். மெர்டேக்கா ஸ்டேடியத்தில் 15 ரவுண்டு மறுபடி தோற்றார். அங்கிருந்து மூன்றே மாதத்தில் மணிலாவில் ஜோ ஃபிரேசியரோடு அலியின் மூன்றாவது சண்டை. ஃபிரேசியரும் அலியும் ஆளுக்கு ஒன்று ஜெயித்திருந்ததால் அந்த மூன்றாவது சண்டைக்குக் காரணம் இருந்தது. அப்படியும் 14ஆம் ரவுண்டு முடிந்ததும், கண் மூடிப்போன ஃபிரேசியரை அவருடைய பயிற்சியாளர் எடி ஃபட்ச் எழுந்திருக்க விடவில்லை. ஃபட்ச் பெயரைச் சொல்லும்போதே எனக்குக் கை கூப்பத் தோன்றும். உங்கள் நினைவுகளை யாரிடமாவது சொல்லிப் பதிவு செய்யுங்கள் ஐயா.

கிளமெண்டி: உரிமை இருந்தும் கேட்காமல் விட்டால் கோழை என்று சொல்ல மாட்டார்களா?

விளாடிமிர் கிளிச்கோவை யார் சொன்னார்கள்? 2017 ஏப்ரலில் வெம்பிளியில் 90,000 பேர் முன்னால் ஜோஷுவாவை ஆறாம் ரவுண்டில் வீழ்த்தி, 11ஆம் ரவுண்டில் தோற்றார். ஒப்பந்தத்தில் மறுபோட்டி உரிமை கையில் இருந்தது. நெருங்கிய சண்டைதான், பணமும் கொட்டியிருக்கும். ஆகஸ்டில் விடைபெற்றார். அப்போது அவருக்கு வயது 41.

பீஷான், ஒரு தாய்: என் மகனுக்கு 17 வயது. ஒரே பையனிடம் இரண்டு முறை தோற்றான், இரண்டாவதில் சண்டையை நிறுத்தினார்கள். மூன்றாவது வேண்டும் என்று சாப்பிடாமல் இருக்கிறான். என்ன செய்வது?

அம்மா, முதலில் விதி. தலையில் அடிபட்டு நிறுத்தியிருந்தால் குறைந்தது 30 நாள் சண்டையும் கூடாது, ஸ்பாரிங்கும் (பயிற்சிச் சண்டை) கூடாது. மூன்று மாதத்துக்குள் இரண்டு முறை அப்படி ஆனால் 90 நாள். தலைவலி, வாந்தி, தூக்கம் மாறுவது, சத்தம் பிடிக்காமல் போவது, எது இருந்தாலும் இன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

அப்புறம், நானும் உங்கள் மகன்தான். 60 கிலோவில் ஒரே ஆளிடம் இரண்டு முறை தோற்றேன், இரண்டாவதில் மூன்றாம் ரவுண்டில் நிறுத்தினார்கள். கையில் சுற்றிய துணியைக்கூடப் பிரிக்கவில்லை, மூன்றாவது கேட்டேன். என் மாஸ்டர் ஒன்றும் பேசவில்லை. பெஞ்சில் உட்கார வைத்து, கத்தரிக்கோலால் துணியை மணிக்கட்டிலிருந்து மெதுவாக வெட்டினார். பிடரியில் கோடாலித் தைலம் தேய்த்தார். பிறகு, "இரண்டாம் ரவுண்டில் அவன் முதலில் எந்தக் கையைப் போட்டான்?" என்று கேட்டார். எனக்கு இரண்டாம் ரவுண்டே நினைவில்லை. நடந்ததா என்றுகூடத் தெரியவில்லை. ஆறு மாதம் என்னை மற்றவர்கள் குத்திப் பழகப் பேட் பிடிக்க மட்டும் விட்டார். கோபத்தில் அவரோடு பேசாமல் இருந்தேன். இன்று கார்னரில் நிற்கும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கத்தரிக்கோல் என் பையில் இருக்கிறது.

மகனிடம் சண்டை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அந்த இரண்டாவது சண்டையை ரவுண்டு ரவுண்டாக ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். மருத்துவர் சரி என்றதும், அந்தத் தாளோடு செவ்வாய்க்கிழமை மாலை என்னிடம் அனுப்புங்கள். உட்கார்ந்து படிக்கிறோம். கையுறை கொண்டு வர வேண்டாம்.