சோலைவரி மதிப்பிடும் தொழில்: திருகோணமலைக்காரர் கேட்டவையும் பதில்களும்

கேள்வி (உவர்மலை): ஐயா, ஏ.எல். இப்பதான் முடிச்சனான். சோலைவரிக்கு வீடு வளவு மதிப்பிடுறவர் ஆகிறதுக்கு எங்க பதியவேணும்?

பதில்: சோலைவரி என்பது வீடு, கடை முதலான ஆதனங்களுக்கு உள்ளூராட்சிச் சபை அறவிடும் வரி. அதை மதிப்பிடுவதற்கென்று தனிப் பதிவு இங்கே கிடையாது, தம்பி. வங்கிக் கடன், காணி சுவீகரிப்பு, சோலைவரி எல்லாவற்றையும் பார்ப்பது விலைமதிப்பாளர் என்ற ஒரே தொழில்தான். சபை கேட்டுக்கொண்டால் அரசாங்க விலைமதிப்புத் திணைக்களம் ஒவ்வொரு ஆதனத்துக்கும் வருடாந்தப் பெறுமதியை, அதாவது வருடத்துக்கு நியாயமாகக் கிடைக்கக்கூடிய வாடகையை, மதிப்பிட்டுக் கொடுக்கும். அதில் எத்தனை வீதம் அறவிடுவது என்று தீர்மானிப்பது சபை. ஆகவே இந்த வேலைதான் வேண்டுமென்றால் திணைக்களத்தில் உதவி விலைமதிப்பாளராகச் சேர்வதே நேர்வழி. ஆட்சேர்ப்பு அறிவித்தல் வர்த்தமானியில் வரும், போட்டிப் பரீட்சை இருக்கும்.

அதற்கு முதல் பட்டம் வேண்டும். ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவக் கற்கைகள், வர்த்தக பீடத்தில் ஆதன முகாமைத்துவமும் விலைமதிப்பீடும் என்ற 4 வருடப் பட்டம் இருக்கிறது. எந்தப் பிரிவில் படித்தவர்கள் விண்ணப்பிக்கலாம் என்பதை அந்தந்த வருடத்துப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுக் கைநூலில் பாருங்கள். படிப்பு ஆங்கிலத்தில், அறிக்கையும் ஆங்கிலத்தில். பெறுபேறு வந்து பல்கலைக்கழகம் திறக்கும் வரைக்கும் கிடைக்கும் மாதங்களை ஆங்கிலம் எழுதிப் பழகச் செலவழியுங்கள், வேறொன்றும் இவ்வளவு உதவாது.

தனியாகத் தொழில் செய்ய விரும்பினால் 1975ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கை விலைமதிப்பாளர் நிறுவகத்தின் அங்கத்துவம் எடுக்க வேண்டும். வங்கிகள் தங்கள் பட்டியலில் பெயரைச் சேர்க்கும்போது முதலில் பார்ப்பது அதைத்தான்.

கேள்வி (பாலையூற்று): நான் நில அளவை டிப்ளோமா செய்தனான். அது காணுமோ?

பதில்: காணாது. அளவையாளர் காணி எவ்வளவு, எல்லை எங்கே என்று சொல்வார். அதன் பெறுமதியைச் சொல்வது வேறு படிப்பு. ஆனால் வரைபடம் வாசிக்கத் தெரிந்தவருக்குக் களவேலை பாதி இலகு. 1 பேர்ச் 272.25 சதுர அடி, 40 பேர்ச் 1 றூட், 160 பேர்ச் 1 ஏக்கர் என்பது உங்களுக்குப் புதிதாக இருக்காது.

கேள்வி (லிங்கநகர்): எங்கட பக்கம் காணி விலை நல்லா ஏறிட்டுது. அந்த விலையை வச்சுத்தானே வரி போடுவினம்?

பதில்: விற்பனை விலை இங்கே கணக்கில்லை, வாடகைதான் கணக்கு. வரியையெல்லாம் குடியிருப்பவர் கட்டுவார், திருத்த வேலையை உரிமையாளர் பார்ப்பார் என்று வைத்துக்கொண்டு, ஒரு வருடத்தோடு இன்னொரு வருடத்தைச் சேர்த்துப் பார்த்தால் நியாயமாக என்ன வாடகை கிடைக்கும் என்பதே வருடாந்தப் பெறுமதி. படிக்கிற பிள்ளைகள் தடுமாறும் இடம் இதுதான், கணக்கோடு சொல்கிறேன்.

ஏகாம்பரம் வீதியில் ஒரு கடை, மாதம் 40,000 ரூபா வாடகை என்று வையுங்கள். சோலைவரியை உரிமையாளரே கட்டுகிறார், வரி 8 வீதம். வருட வாடகை 480,000. அதற்குள் வரியும் அடங்கியிருப்பதால் அதைப் பிரிக்க வேண்டும். பலர் 480,000இல் 8 வீதத்தைக் கழித்து 441,600 என்று எழுதிவிடுவார்கள். அது பிழை, ஏனென்றால் 8 வீதம் பெறுமதியின் மேல் வருவது, வாடகையின் மேல் அல்ல. 480,000ஐ 1.08ஆல் வகுக்க வேண்டும்: 444,444 ரூபா.

அடுத்தது முற்பணம். திருப்பிக் கொடுக்கிற முற்பணமாக 600,000 ரூபா வாங்கியிருந்தால், அதன் வட்டியும் உரிமையாளருக்கு வாடகைதான். 8 வீத வட்டி என்றால் வருடம் 48,000 ரூபாவை வரி பிரிக்க முதலே வாடகையோடு கூட்டுங்கள். முற்பணத்தைக் கேட்காமல் வாடகையை மட்டும் குறித்துக்கொண்டு வந்தால், பக்கத்துப் பக்கத்துக் கடை இரண்டுக்கு ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று பிறகு மண்டையைப் பிய்க்க வேண்டி வரும். தளபாடத்தோடு கொடுத்த வீடென்றால் தளபாடத்துக்கான பங்கைக் கழியுங்கள்.

கேள்வி (நிலாவெளி): அண்ணா, விருந்தினர் விடுதி மாரி காலத்தில சும்மாதான் கிடக்கு. அந்த மாதங்களைக் கழிச்சு மதிப்பிடுவினமோ?

பதில்: ஆள் இல்லாத காலத்துக்கென்று தனிக் கழிவு இல்லை, வருடாந்தப் பெறுமதியின் சட்ட வரைவிலக்கணமே அதைத் தடுக்கிறது. என்றாலும் பருவம் கணக்கில் வராமல் போகாது. விடுதிகளுக்கு இலாப முறை பாவிப்பதுண்டு: வருட வருமானத்திலிருந்து கொள்வனவு, சம்பளம், மின்சாரம் முதலான செலவுகளைக் கழித்து, நடத்துபவரின் உழைப்புக்கும் முதலுக்கும் உரிய பங்கை ஒதுக்கினால் மிச்சம் கட்டடத்துக்குக் கொடுக்கக்கூடிய வாடகை. வருமானம் 12 மாதத்துக்கும் எடுப்பதால் வெறுமையான மாதங்கள் அதற்குள்ளேயே வந்துவிடும். அறைக் கட்டணத்தை 365ஆல் பெருக்குவது மகா பிழை. அந்தக் கட்டணத்துக்குள் படுக்கை விரிப்பு, காலைச் சாப்பாடு, துப்புரவு எல்லாம் இருக்கிறது.

நிலாவெளி பிரதேச சபை எல்லைக்குள் என்பதையும் கவனியுங்கள். பிரதேச சபையில், அபிவிருத்தியடைந்ததாக அறிவித்த பகுதிக்குத்தான் சோலைவரி.

கேள்வி (அன்புவழிபுரம்): வீட்டை அளக்கிறதில என்ன பிழை கூட வரும்?

பதில்: தாழ்வாரம். சுவரோடு அளக்காமல் கூரை விளிம்போடு அளந்துவிடுவார்கள். 33க்கு 28 அடி வீடு 924 சதுர அடி. சுற்றிவர இரண்டரை அடி தாழ்வாரத்தைச் சேர்த்தால் 38க்கு 33 ஆகி 1,254 ஆகிவிடும், மூன்றிலொரு பங்குக்கு மேல் கூட. லேசர் அளவி இருந்தாலும் 30 மீற்றர் நாடா ஒன்று பையில் இருக்கட்டும், நல்ல வெயிலில் வெளிச்சுவரில் லேசர்ப் புள்ளி தெரியாது. கூரை ஓடா தகடா, தரை என்ன, கிணறா குழாய்நீரா, ஒழுங்கையின் அகலம் எத்தனை அடி, என்ன பாவனை: இவற்றை வீட்டை விட்டு வெளியேற முதல் எழுதுங்கள்.

கேள்வி (சாம்பல்தீவு): எங்கட காணிக்கு அரசாங்க அனுமதிப்பத்திரம்தான். சோலைவரிப் பற்றுச்சீட்டு உரிமைக்குச் சாட்சியாகுமோ?

பதில்: ஆகாது. வரி கட்டியவர் யார் என்பதைத்தான் அது காட்டும்.

கேள்வி (திருஞானசம்பந்தர் வீதி): டெக்சாஸில இருக்கிற மச்சாள் அங்க இதே வேலைக்குப் பதியவேணும் எண்டு சொல்றா. அது வேறயோ?

பதில்: வேறு. அங்கே ஆதனவரி மதிப்பீட்டாளருக்குத் தனிப் பதிவே உண்டு. மாநிலத்தின் உரிமம் வழங்கும் திணைக்களத்தில் பதிந்து, மாவட்ட மதிப்பீட்டு அலுவலகத்தில் வேலை செய்துகொண்டே பாடநெறிகளையும் பரீட்சைகளையும் 5 வருடத்துக்குள் முடித்தால் பதிவுபெற்ற தொழில்முறை மதிப்பீட்டாளர் ஆகலாம். அங்கே ஜனவரி 1ஆம் திகதிச் சந்தை விலைதான் அடிப்படை. எங்கள் வாடகைக் கணக்கை மச்சாள் அங்கே கொண்டுபோக ஏலாது.

கேள்வி (உட்துறைமுக வீதி): மதிப்பீடு கூட எண்டால் ஆட்சேபத்தில என்ன எழுதுறது?

பதில்: “கட்ட வசதியில்லை” என்று எழுதினால் பயனில்லை. அதே வீதியில், அதே அளவு, அதே கூரையுள்ள இரண்டு மூன்று வீடுகளின் வரி இலக்கத்தையும் வருடாந்தப் பெறுமதியையும் எழுதி, உங்கள் வீட்டின் சரியான சதுர அடியையும் போடுங்கள். அறிவித்தலில் குறித்த காலத்துக்குள் எழுத்தில் கொடுங்கள். ஆட்சேபம் போட்டிருக்கிறேன் என்று வரியை நிறுத்தி வைக்க வேண்டாம். ஜனவரி 31க்குள் முழு வருடத்துக்கும் கட்டினால் 10 வீதக் கழிவு கிடைக்கும்.